பெரிய தேசிங்கு ராஜா!

செஞ்சிக் கோட்டையில் இருபதைத் தாண்டிய இரண்டு இளைஞர்கள் ராஜாவாக இருந்தார்கள். ஒருவன் தப்பிப் போனான், இன்னொருவன் செத்துப் போனான். ஊர் யாரைத் தன் பிள்ளை என்று வைத்துக்கொண்டது?

சைக்கிளைக் கை விட்டு ஓட்டும் பையனைப் பார்த்தால் தமிழ்நாட்டின் எந்தத் தெருவிலும் ஒரு குரல் எழும்: "ஆமா, இவரு பெரிய தேசிங்கு ராஜா!" அந்த ராஜா யார், எந்த ஊர், எப்படிச் செத்தான் என்பதெல்லாம் சொல்கிறவருக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, திட்டு வாங்குகிறவனுக்கும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. திமிர், துடிப்பு, நாளையை நினைக்காத வேகம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பெயர், அவ்வளவுதான்.

அந்தப் பெயருக்கு ஓர் ஊர் உண்டு. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலையில், யாரோ கூடை கூடையாகப் பாறாங்கற்களைக் கொட்டிவிட்டுப் போன மாதிரிக் குன்றுகள் தெரிய ஆரம்பிக்கும். அதுதான் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் கோத்தபடி ஓடும் மதிலின் நீளம் மட்டும் சுமார் 13 கிலோமீட்டர். ஊருக்குள் யாரை வழி கேட்டாலும் 'தேசிங்கு ராஜா கோட்டை' என்றுதான் கை காட்டுவார்கள்.

2025 ஜூலை 11 அன்று யுனெஸ்கோ இந்தக் கோட்டையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஆனால் பட்டியலில் இருப்பது தேசிங்கின் பெயர் இல்லை. மராட்டியர் காலத்து இராணுவக் கோட்டைகள் என்ற வரிசையில், மகாராஷ்டிரத்தின் 11 கோட்டைகளோடு தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி ஒன்று மட்டும் சேர்ந்திருக்கிறது. '1190 வாக்கில் ஆனந்தக் கோன் கட்ட ஆரம்பித்தார் என்கிறார்கள், நாயக்கர்கள் பெருக்கிக் கட்டினார்கள், அப்புறம் எப்படி இது மராட்டியக் கோட்டை?' என்று கேட்பவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். நாம் இங்கே அந்தப் பட்டா வழக்கை விசாரிக்கப் போவதில்லை. இந்த மதிலுக்குள் வாழ்ந்த இளைஞர்கள் இருவரைப் பற்றித்தான் பேச்சு. ஒருவன் இங்கே எட்டு வருடம் இருந்தான், செஞ்சியில் அவனைப் பாடுவார் இல்லை. இன்னொருவன் ஆண்டது சில மாதங்கள், அவனைப் பாடி இன்னும் தீரவில்லை. இருவருமே வெளியூர்க்காரர்கள் என்பதுதான் இதில் வேடிக்கை.

ஒரு குழந்தை, பல கொடிகள்

ராஜாக்களை விடுங்கள். முதலில் ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1672இல் செஞ்சிப் பேட்டையில் ஒரு பெண் குழந்தை பிறந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். நாயக்கர்களிடமிருந்து 1649இல் கோட்டையைப் பறித்த பீஜப்பூர் சுல்தானின் ஆட்கள்தான் அப்போது மலைமேல். குழந்தைக்கு ஐந்து வயதாகும்போது, 1677இல், சிவாஜி வந்து கோட்டையை வாங்கிவிட்டார். பதினெட்டு வயதில் ஊரைச் சுற்றி முகலாயப் படை கூடாரம் அடிக்கிறது. அந்தக் கூடாரங்கள் கிளம்புவதற்குள் அவளுக்கு இருபத்தாறு வயது. இடையில் கல்யாணம் ஆகியிருக்கும், பிள்ளை பெற்றிருக்கும், பறிகொடுத்தும் இருக்கும். நாற்பத்திரண்டு வயதில் ஆற்காட்டு நவாபின் கொடி. அவள் பேரப்பிள்ளைகள் 1750இல் பிரெஞ்சுக்காரர்களையும் 1761இல் ஆங்கிலேயர்களையும் பார்த்திருப்பார்கள்.

வந்தவர்கள் எல்லாம் கோட்டைக்குப் பெயர் வைத்தார்கள். பீஜப்பூர்க்காரர்களுக்கு அது பாதுஷாபாத். முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர் கான் தன் பட்டப்பெயரை ஒட்டி நுஸ்ரத்கட் என்றான். ஆங்கிலேயர் வாயில் ஜிஞ்சி ஆனது. ஊர்க்காரர்கள் மட்டும் செஞ்சி என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிஸ்தி வாங்க வருகிறவன் பேசும் பாஷைதான் மாறியது. கிஸ்தி மாறவில்லை.

அந்தப் பெண்ணின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. ஏட்டில் இருப்பவர்கள் ராஜா வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் பாடும் சுகமாக இருந்துவிடவில்லை.

பத்தொன்பதில் பட்டம்

ராஜாராம், சிவாஜியின் இளைய மகன். 1670இல் பிறந்தவன். அப்பா இறக்கும்போது அவனுக்குப் பத்து வயது. அண்ணன் சம்பாஜியை ஒதுக்கிவிட்டு இந்தச் சிறுவனைப் பட்டத்தில் உட்கார வைக்க, அவன் தாய் சோயராபாயின் பக்கத்தார் முயன்று தோற்றார்கள். அடுத்த வருடமே தாயும் போய்ச் சேர்ந்தாள். பிறகு ஒன்பது வருடம் ராய்கட் கோட்டையில் அண்ணனின் காவலில் வளர்ந்தான். பெயருக்கு இளவரசன், இருப்பு கைதி மாதிரி.

1689 மார்ச்சில், பிடிபட்டிருந்த சம்பாஜியை ஔரங்கசீப் கொன்றான். காவலில் இருந்த பத்தொன்பது வயதுப் பையன் ஒரே நாளில் ராஜா ஆனான். ஆளத்தான் நாடு மிச்சமில்லை. ராய்கட்டைச் சுற்றி முகலாயப் படை நின்றது. ஏப்ரலில் அங்கிருந்து நழுவி, யாத்ரீகர் வேஷத்தில் தெற்கே கிளம்பினான். வழியில் கெளதி ராணி சென்னம்மா, முகலாயருக்கு அஞ்சாமல் இடம் கொடுத்துத் தாண்டிப் போக உதவினாள். வேலூர் வழியாக 1689 நவம்பரில் செஞ்சி வந்து சேர்ந்தான். அதே சமயம் ராய்கட் விழுந்தது. சம்பாஜியின் ஏழு வயது மகன் சாஹு முகலாயரிடம் சிக்கினான். 1707 வரை, அதாவது இருபத்தைந்து வயதுவரை, எதிரியின் பாசறையிலேயே வளர்ந்தான். ஒரே குடும்பம். சித்தப்பன் ஒரு மலையில் அடைபட்டுக் கிடக்க, அண்ணன் மகன் ஒரு கூடாரத்தில் அடைபட்டுக் கிடந்தான்.

செஞ்சியிலிருந்து ராஜாராம் ஒரு ராஜாங்கம் நடத்தத்தான் செய்தான். தர்பார் கூட்டினான், மந்திரிகளை நியமித்தான், மராட்டிய நாட்டில் இருந்த சர்தார்களுக்கு இங்கிருந்தே ஜாகீர் எழுதிக் கொடுத்தான். அவன் எழுதிக் கொடுத்த நிலத்தில் பாதி எதிரி கையில் இருந்தது. போய்ச் சண்டை போட்டு மீட்டுக்கொள் என்பதுதான் அதற்கு அர்த்தம்.

குண்டு விழுந்த ஊர்கள்

கையில் காசில்லாத ராஜா என்ன செய்வான்? கடற்கரையை விற்றான். கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை 1690இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றான். அப்போது சென்னையில் கவர்னராக இருந்தவர் எலிஹூ யேல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் கொடுத்த அதே மனிதர்.

கோட்டையோடு எவ்வளவு நிலம்? சங்கிலி போட்டு அளக்கவில்லை. பீரங்கிக் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரைக்கும் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. அந்தச் செப்டம்பரில் கோட்டையிலிருந்து சுற்று வட்டாரம் முழுக்கக் குண்டு போட்டுப் பார்த்தார்கள். விழுந்த எல்லைக்குள் அடங்கிய ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. கடலூர் பக்கம் குண்டு உப்பலவாடி என்று இன்றும் ஒரு கிராமம் இருக்கிறது.

அந்த நாளை அந்த ஊர்க் குழந்தைகளின் இடத்தில் நின்று யோசித்துப் பாருங்கள். காலையில் மாட்டை ஓட்டிக்கொண்டு போகும்போது செஞ்சி ராஜாவின் குடி. மதியம் எங்கோ ஒரு சத்தம், வயலில் ஒரு குழி. மாட்டை ஓட்டிக்கொண்டு திரும்பும்போது இங்கிலாந்துக் கம்பெனியின் குடி. அடுத்த ஊரில் இருக்கும் அத்தை வீடு பழைய ராஜாங்கத்திலேயே இருக்கிறது, ஏனென்றால் குண்டு அதுவரை எட்டவில்லை. உலகத்தில் எத்தனையோ தேசங்களை ஆட்சியாளர்கள் வரைபடத்தின்மேல் கோடு போட்டுப் பிரித்திருக்கிறார்கள். இங்கே கோட்டைப் போட்டது வெடிமருந்து.

புனித டேவிட் கோட்டை என்று அந்த இடத்துக்குக் கம்பெனி பெயர் வைத்தது. முற்றுகையில் தவித்த இருபது வயதுப் பையன் செலவுக்கு விற்ற துண்டு நிலம் அது. எழுபது வருடம் கழித்து, வாங்கினவர்களே செஞ்சிக் கோட்டையின் வாசலில் வந்து நின்றார்கள்.

மதிலுக்கு வெளியிலும் பசி

1690இல் ஆரம்பித்த முற்றுகை 1698 தொடக்கம்வரை நீண்டது. ராஜகிரி அடிவாரத்தில் வளைந்த கூரையோடு நிற்கும் நெற்களஞ்சியத்துக்குள் போய் நின்றால் அதற்குக் காரணம் பாதி புரியும். வெயில் நுழையாத சுவர். பேசினால் குரல் திரும்பி வரும். மலைமேல் சுனை, அடிவாரத்தில் குளம். மீதிப் பாதி உச்சிக்குப் போனால் புரியும். ஏறிக் களைத்து, இதோ வந்துவிட்டோம் என்கிற இடத்தில் பாறை இரண்டாகப் பிளந்து ஆழமான பள்ளம். நடுவே ஒரு மரப்பாலம். அதை எடுத்துவிட்டால் அந்தப் பக்கம் இருப்பவனை யாரும் நெருங்க முடியாது. அந்தப் பக்கம் இருப்பவனும் எங்கும் போக முடியாது. செஞ்சியின் பலமும் சாபமும் அந்த ஒரு பாலம்தான்.

பட்டினி கிடந்தவர்கள் முற்றுகைக்கு வந்தவர்களும்தான். 1692 கடைசியில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வந்து, முகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழிகளை அடைத்தார்கள். காவேரிப்பாக்கம் அருகே காஞ்சிபுரத்து முகலாய அதிகாரி (ஃபவுஜ்தார்) அலி மர்தான் கானைச் சிறைப்பிடித்தார்கள். முற்றுகையை விலக்கிக்கொண்டு ஜுல்ஃபிகர் கான் வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. இரண்டு படைகளும் தின்றது இதே வட்டாரத்து நெல்லைத்தான் என்பதைச் சரித்திரப் புத்தகங்கள் தனியாக எழுதுவதில்லை.

அந்தப் பாசறையில் இன்னொரு இளைஞனும் இருந்தான். ஔரங்கசீப்பின் கடைக்குட்டி காம் பக்ஷ், அப்போது இருபத்தைந்து வயது. கிழட்டு அப்பா இறந்துவிட்டார் என்று ஒரு வதந்தி கிளம்பியதும், அண்ணன்மார் தன்னைக் கொன்றுவிடுவார்களோ என்று பயந்து மதிலுக்குள் இருந்த ராஜாராமோடு ரகசியமாகப் பேச ஆரம்பித்தான். விஷயம் தெரிந்ததும் சொந்தப் படைத்தலைவர்களே அவனைக் கைது செய்து அப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள். மதிலுக்கு உள்ளே ஒரு பையன், வெளியே ஒரு பையன். இருவருக்கும் அப்பாவின் சண்டை மட்டும் சொத்தாக வந்தது.

முற்றுகைக்கு நடுவில்தான், 1696இல், ராஜாராமின் மனைவி தாராபாய்க்கு மகன் பிறந்தான். தாத்தாவின் பெயரே வைத்தார்கள்: சிவாஜி. 1697 கடைசியில் ராஜாராம் இரவோடு இரவாகத் தப்பி வேலூர் வழியாக வடக்கே போனான். சில வாரங்களில் கோட்டை விழுந்தது. விட்டுப்போன குடும்பம் முகலாயரிடம் சிக்கிப் பின்னால் மீண்டது. 1700 மார்ச்சில் சிங்ககட்டில் ராஜாராம் இறந்தபோது வயது முப்பது.

மராட்டியர் அவனைக் கொண்டாடுவதில் தப்பே இல்லை. அவன் செஞ்சியில் எட்டு வருடம் பிடித்துக்கொண்டு நின்றிராவிட்டால் மராட்டிய ராஜ்யம் அன்றே முடிந்திருக்கும். ஔரங்கசீப்பின் பணமும் படையும் இந்தப் பாறைகளில் மோதிக் கரைந்தன. ஆனால் செஞ்சி அவனுக்குத் தங்கிய இடம். கண் எப்போதும் ராய்கட்டின்மேல். ஊருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

"பாக்கியை வை"

கோட்டையைப் பிடித்த முகலாயர், 1700 வாக்கில் அதைப் புந்தேலா ராஜபுத்திரனான சரூப் சிங்கிடம் ஒப்படைத்தார்கள். அவன் மகன் தேஜ் சிங். 'தேஜ் சிங்' தமிழ் நாக்கில் புரண்டு தேசிங்கு ஆனது.

ஆக, நம் தேசிங்கு ராஜா இந்தக் கோட்டையை ஆக்கிரமித்தவர்கள் வீட்டுப் பிள்ளை. முகலாயர் முற்றுகை போட்டு வென்ற இடத்தில், முகலாயர் நியமித்த அதிகாரியின் மகன்.

1714 தொடக்கத்தில் சரூப் சிங் மூப்பில் இறந்தான். மகன் பொறுப்பேற்றான். ஆற்காட்டில் இருந்த நவாப் சாதத்துல்லா கான் ஓலை அனுப்பினார்: உன் அப்பன் வைத்துவிட்டுப் போன கப்பப் பாக்கியைக் கட்டு. எழுபது லட்சம் என்று ஒரு கணக்குச் சொல்லப்படுகிறது. பையன் மறுத்தான். என் அப்பாவுக்கு ஔரங்கசீப் பாதுஷா கொடுத்த பர்மான் (அரசாணை) இருக்கிறது, நடுவில் நவாப் யார் என்பது அவன் வாதம். ஔரங்கசீப் செத்து ஏழு வருடம் ஆகியிருந்தது. டெல்லியில் அதற்குள் பாதுஷாக்கள் மாறிவிட்டார்கள். செத்தவர் கொடுத்த காகிதத்தைப் பிடித்துக்கொண்டு ஒரு இளைஞன் நிற்கிறான். எதிரே, காகிதத்தைப் பார்க்கவே வராத படை.

1714 அக்டோபர் 3. தேசிங்கு பக்கம் சில நூறு குதிரைகள். சண்டைக்கு முன்னால் சிங்கவரம் குடைவரையில் பள்ளிகொண்ட ரங்கநாதரைக் கும்பிடப் போனான் என்றும், போகாதே என்று பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்றும் சொல்வார்கள். பெருமாளின் தலை இப்போதும் அந்தப் பக்கம் திரும்பித்தான் இருக்கிறது என்று காட்டுவார்கள். வழுதாவூரில் கல்யாணப் பந்தலில் இருந்த நண்பன் மகபத்கான், தகவல் வந்ததும் மாப்பிள்ளைக் கோலத்திலேயே நீலவேணிக் குதிரை ஏறி வந்தான் என்கிறது கதைப்பாடல். மழைக்காலம். வராக நதி, அதாவது சங்கராபரணி, கரை புரண்டு ஓடுகிறது. வெள்ளத்தில் இறங்கிக் கடந்தார்கள். கரையேறியவர்கள் கொஞ்சம் பேர். கடலி என்ற ஊரில் நடந்த சண்டையில் மகபத்கான் விழுந்தான். தேசிங்கும் விழுந்தான்.

துப்பாக்கிக் குண்டு பட்டு இறந்தான் என்கிறது சரித்திரம். பாட்டுக்கு அது பொறுக்கவில்லை. முகம் தெரியாத எவனோ தூரத்தில் நின்று சுட்டு இவன் சாவதா? வாளை மேலே வீசி, விழுகிற வாளைத் தன் மார்பில் தாங்கிக்கொண்டான் என்று பாடியது.

ஊர் எடுத்த முடிவு

ராஜாராமுக்குக் கிடைக்காத பாட்டு தேசிங்குக்கு எப்படிக் கிடைத்தது? வீரம் என்று சொல்லிவிடலாம். எட்டு வருடம் பசியோடு நின்றதும் வீரம்தான். தெருக்கூத்தில் ராவெல்லாம் இந்தக் கதையைக் கேட்டால் வேறொன்று தெரியும். பாட்டுக்காரர்கள் தேசிங்கைச் செஞ்சியிலேயே பிறக்க வைத்தார்கள். யாருக்கும் அடங்காத பாராசாரிக் குதிரையை டெல்லியில் போய் அடக்க வைத்து, அப்பாவை மீட்டு வர வைத்தார்கள். பெருமாளைக் குலதெய்வமாக்கினார்கள். ஒரு முஸ்லிம் இளைஞனை உயிர்த்தோழனாகப் பக்கத்தில் நிறுத்தினார்கள். வடக்கே புந்தேல்கண்டத்திலிருந்து வந்த பையனைக் கையோடு இழுத்து ஊர்ப்பிள்ளையாக்கிவிட்டார்கள்.

அதற்கு ஒரே ஒரு காரணம்தான் தெரிகிறது. கோட்டைக்கு வந்த அத்தனை பேருக்கும் போக வேறு இடம் இருந்தது. பீஜப்பூர் போனார்கள், மராட்டிய நாட்டுக்குப் போனார்கள், டெல்லி போனார்கள். இவன் போகவில்லை. செட்டிக்குளக் கரையில் ஒரு மேடையைக் காட்டி, இங்கேதான் எரித்தார்கள் என்கிறார்கள். பிறந்த மண் எது என்று செஞ்சி கேட்கவில்லை, எந்த மண்ணில் எரிந்தான் என்று பார்த்தது.

வென்றவரும் அடையாளம் வைத்துவிட்டுத்தான் போனார். புதுச்சேரி வாசலை ஒட்டி 1717–18இல் கட்டிய சாதத்துல்லா கான் மசூதி நிற்கிறது. 1750 செப்டம்பரில் புஸ்ஸி தலைமையில் வந்த பிரெஞ்சுப் படை ஒரே இரவில் கோட்டையைப் பிடித்தது. செஞ்சியிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோன கல்தூண்கள்தான் இன்று புதுச்சேரிக் கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்கின்றன. 1761 ஏப்ரலில் ஆங்கிலேயர் வந்தார்கள். மசூதி, தூண், பீரங்கி எல்லாம் சாட்சி சொல்கின்றன. பாட்டு மட்டும் தோற்றவனுக்கு.

1960இல் எம்.ஜி.ஆர். நடித்து 'ராஜா தேசிங்கு' படமும் வந்தது. அதற்கெல்லாம் முன்பே கூத்துக்காரர்கள் தென்னாற்காடு, வடஆற்காடு முழுக்க அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்கள்.

ராணி

கதையில் எல்லாரும் சீக்கிரம் தாண்டிப் போகும் ஒருத்தி இருக்கிறாள். தேசிங்கின் மனைவி. ராணிபாய் என்கிறார்கள். அது பெயரா, பட்டமா? 'ராணி'யும் மரியாதைச் சொல், 'பாய்'யும் மரியாதைச் சொல். கணவன் சிதையில் அவளும் ஏறினாள். இருபத்திரண்டு வயதில் செத்தவனின் மனைவிக்கு என்ன வயது இருக்கும்?

அவள் நினைவாக நவாப் உண்டாக்கிய ஊர் ராணிப்பேட்டை என்பது மரபு. 2019இல் அது மாவட்டத் தலைநகரும் ஆகிவிட்டது. ஓர் ஊர் கிடைத்தது, ஒரு மாவட்டம் கிடைத்தது, பெயர் கிடைக்கவில்லை. பாட்டு அவள் தீயில் இறங்கியதைப் பெருமையாகப் பாடுகிறது. முந்நூறு வருடம் கழித்துக் கேட்கும் நாம் அந்த இடத்தில் தலையாட்டாமல் இருக்கலாம். முதலில் சொன்னோமே, செஞ்சிப் பேட்டையில் பிறந்த அந்தப் பெண் குழந்தை, அவளும் இவளும் இந்த விஷயத்தில் ஒன்றுதான். சண்டை யாருடையதாக இருந்தாலும் கணக்கு அவர்கள் பெயரில் எழுதப்பட்டது.

யுனெஸ்கோ அங்கீகாரத்துக்குப் பிறகு வெளியூர்க்காரர்கள் செஞ்சிக்கு வந்துகொண்டிருக்கிறார்கள். மராட்டியர்கள் ராஜாராமைத் தேடி வருகிறார்கள். நாமும் போவோம். கல்யாண மகால் முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், களஞ்சியத்துக்குள் ஒரு நிமிடம் நில்லுங்கள். மரப்பாலம்வரை ஏறுங்கள். இறங்கி வந்து செட்டிக்குளத்தையும், அதற்கடுத்துப் புதுச்சேரி வாசல் மசூதியையும் பாருங்கள். வென்றவர், தோற்றவர் இருவரின் கதையும் ஒரே நடையில் கிடைக்கும். கோட்டை யாருடையது என்கிற வழக்கில் எல்லாருடைய பத்திரமும் செல்லும். பிள்ளைகளைப் பறிகொடுத்த ஊரின் பத்திரம் மட்டும் இன்னும் எழுதப்படவில்லை.

அடுத்த முறை சைக்கிளில் கை விட்டுப் போகிறவனைப் பார்த்து 'பெரிய தேசிங்கு ராஜா' என்று சொல்ல வாயெடுக்கும்போது ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முடித்து, வேலைக்கு விண்ணப்பம் எழுதிக்கொண்டு வீட்டில் இருக்கும் நம் பையன்களின் வயதுதான் அவனுக்கு. இருபத்திரண்டு.